சர்க்கரை நோயும் அதிக எடையும்: வீட்டாரும் நண்பர்களும் உதவுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோயும் அதிக எடையும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு உதவ நினைக்கும் வீட்டாருக்காகவும் நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நோய் உள்ளவரும் படிக்கலாம். படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களிடம் நீட்டலாம். இங்கே பேசுவது டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகை) பற்றி மட்டும். டைப் 1, கர்ப்ப காலச் சர்க்கரை இரண்டுக்கும் வழி வேறு.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: ரிப்போர்ட் வந்த அன்று மாலையே இனிப்பு டப்பா மறைகிறது. மறுநாள் விடியற்காலையில் நடைக்கு எழுப்பிவிடுகிறார்கள். அந்த வாரம் முடிவதற்குள் சண்டை. செய்த காரியங்களில் பெரிய தப்பு இல்லை, வரிசைதான் தப்பு. சாப்பாட்டையும் நடையையும் மாற்றுவதற்கு முன் முடித்துவிட வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் (ரத்த அழுத்தம், மூட்டு வலி மாத்திரைகளும் சேர்த்து). ஒரு குளுக்கோமீட்டர் (வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி), அதில் ரத்தத் துளியை வைத்துப் பார்க்கும் காலாவதி ஆகாத ஸ்ட்ரிப்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி எப்போதும் இறுக மூடியிருக்கட்டும். ஈரம் பட்டால் அளவு தப்பாகக் காட்டும். எடை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் மாத்திரை அல்லது பொடி, ஒரு நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டரின் எண்ணும் ஆம்புலன்ஸ் எண்ணும்.

செலவு பிடிக்கும் சத்துமாவு, மூலிகைப் பொடி எதுவும் இந்தப் பட்டியலில் வராது. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் டாக்டரிடம் காட்டாமல் பிரிக்க வேண்டாம்.

1. முதலில் அவரிடம் கேளுங்கள்

உதவி என்று நீங்கள் நினைப்பதும், உதவி என்று அவர் நினைப்பதும் பெரும்பாலும் வேறு வேறு. ஒருவருக்கு மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தினால் நிம்மதி; இன்னொருவருக்கு அதுவே தன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்துவது போல் இருக்கும். வெளியே இருந்து இதை ஊகிக்க முடியாது.

மூன்று கேள்விகள் போதும். "இதில் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருப்பது எது?" "அதில் நான் என்ன செய்தால் நன்றாக இருக்கும்?" "நான் எதைச் செய்யவே கூடாது?" மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதில் அதிகமாக வருவது அதற்குத்தான். "விருந்தாளிகள் முன்னால் என் சுகரைப் பற்றிப் பேசாதே" என்று ஒருவர் சொல்லிவிட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

சாப்பிடும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ரிப்போர்ட் மோசமாக வந்த அன்றும் வேண்டாம். இரண்டிலும் கேள்வி, விசாரணையாகத்தான் காதில் விழும். யாருக்கெல்லாம் விஷயம் தெரியலாம் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். வேலை செய்யும் இடத்தில் சொல்ல விரும்பாதவர்கள் உண்டு. அது அவர் உரிமை. ஆனால் இன்சுலின் போடுகிறவர் என்றால், அங்கே ஒரே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். காரணம் மூன்றாவது படியில்.

2. டாக்டரிடம் ஒருவர் கூடப் போங்கள்

சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் இதை முடித்தாக வேண்டும். மாத்திரையும் இன்சுலினும் பழைய சாப்பாட்டு அளவுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தவை. சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு மருந்தை அப்படியே போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

கேட்க வேண்டியவை: இவருடைய இலக்கு என்ன? இந்த மருந்துகளில் எது சர்க்கரையை மிகவும் இறக்கக்கூடியது? சாப்பாடு குறைந்து எடை இறங்கினால் எந்த மருந்தை எப்போது குறைக்க வேண்டும்? நடக்க ஆரம்பிக்கும் முன் இதயம், கண், கால் பார்க்க வேண்டுமா?

பொதுவாகத் தெரிந்துவைக்க வேண்டியது இவ்வளவு. இன்சுலின், அப்புறம் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் லோ சுகர் (ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்குவது) கொண்டுவரக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அது அபூர்வம். எடை விஷயத்திலும் மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. இன்சுலினும் மேலே சொன்ன மாத்திரைகளும் பயோகிளிட்டசோனும் எடையைக் கூட்டலாம். மெட்ஃபார்மின் கூட்டுவதில்லை. எடையைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. ஒழுங்காக இருந்தும் எடை ஏறுகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று முடிவுகட்டும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

எடைக்கு முதல் இலக்கு இப்போதைய எடையில் 5 சதவீதம். 90 கிலோ இருப்பவருக்கு நாலரைக் கிலோ. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையில் மாற்றம் தெரியும். "பழைய எடைக்குத் திரும்ப வேண்டும்" என்று ஆரம்பிப்பவர்கள் பாதியில் கைவிடுவதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கடுமையான குறைந்த கலோரி உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓராண்டில் மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே பட்டினித் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு நோய் வந்து 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகவில்லை, அவர்கள் இன்சுலின் போடவில்லை, மருந்துகளை நிறுத்தியதும் மருத்துவக் குழுவின் மேற்பார்வையில்தான். இதில் ஒன்று விட்டுப்போனாலும் கதை வேறு.

3. லோ சுகர் வந்தால் செய்ய வேண்டியதை எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்

வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும், கூட நடக்கும் நண்பரும் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த படி. மற்ற தவறுகளைத் திருத்த நாட்கள் இருக்கும். இதில் நிமிடங்கள்தான்.

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் (மீட்டரில் 70க்குக் கீழே) லோ சுகர். 54க்குக் கீழே போனால் ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, முகம் வெளுத்தல், பேச்சில் குழறல் ஆகியவை அறிகுறிகள். ஆனால் வெளியில் இருப்பவருக்கு முதலில் தெரிவது பல நேரம் கோபம்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் எரிந்து விழுவார். "ஏதாவது குடிங்க" என்றால் "எனக்கு ஒண்ணும் இல்லை, சும்மா இரு" என்பார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருக்கும், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விரல் தடுமாறும். வாக்குவாதம் செய்யாதீர்கள். மூளைக்குச் சர்க்கரை போதவில்லை. அந்த நேரத்தில் அவர் பேசுவதை மனதில் வைத்துக்கொள்ளவும் கூடாது.

செய்ய வேண்டியது: முடிந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். மீட்டர் கையில் இல்லை என்றால் லோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகக் கரையும் சர்க்கரை 15 கிராம் கொடுங்கள். 3 அல்லது 4 குளுக்கோஸ் மாத்திரை, இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர், இல்லையென்றால் அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகப் பழச்சாறு. 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி. ஏறிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் சிறிதாக ஏதாவது சாப்பிடட்டும். இல்லாவிட்டால் திரும்ப இறங்கும்.

இங்கே நடக்கும் தவறுகள் நிறைய. சாக்லேட், கொழுப்புள்ள இனிப்பு கொடுப்பது ஒன்று. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். பயத்தில் டப்பாவையே காலி செய்யவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 300ஐத் தாண்டவைப்பது இன்னொன்று. சர்க்கரை இல்லாத டயட் பானத்தைக் கொடுப்பதும் உண்டு, அதில் ஒரு பயனும் இல்லை. "கொஞ்ச நேரம் படுங்க, சரியாகிவிடும்" என்பது எல்லாவற்றிலும் மோசம்.

அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவாக வேலை செய்யாது, ஏனென்றால் அந்த மாத்திரையின் வேலையே சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்துவது. அவருக்குக் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். மது குடித்திருந்தால் பல மணி நேரம் கழித்து, தூக்கத்திலும் லோ வரலாம்.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். டாக்டர் குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) எழுதிக் கொடுத்திருந்து, பயன்படுத்தப் பழகியிருந்தால் அதைக் கொடுங்கள். சர்க்கரை நோயாளி மயங்கினார் என்று இன்சுலினைத் தூக்கவே தூக்காதீர்கள்.

4. வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால், ஒரே நாளில் நான்கு பேர் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பார்கள். ஸ்ட்ரிப் தீர்ந்துபோனது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒரு வேலைக்கு ஒரு ஆள். டாக்டரிடம் கூடப் போவதும் ரிப்போர்ட் ஃபைலும் ஒருவர். மாத்திரை, ஸ்ட்ரிப் இருப்பைப் பார்ப்பது ஒருவர். வீட்டுக்குச் சாமான் வாங்குவது ஒருவர். நடைத் துணை ஒருவர். அப்புறம், நோயைப் பற்றிப் புலம்பினால் அறிவுரை சொல்லாமல் கேட்க ஒருவர். இந்தக் கடைசி வேலைக்கு வீட்டாரைவிட நண்பரே பொருத்தம், ஏனென்றால் வீட்டாருக்குப் பயம் அதிகம். பயந்தவர்கள் உடனே அறிவுரைக்குத் தாவுகிறார்கள்.

மாத்திரை போடுவதும் விரலில் குத்திப் பார்ப்பதும் நோய் உள்ளவரின் கையிலேயே இருக்கட்டும். பார்வை மங்கியவர், மறதி உள்ளவர் என்றால் வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை நிரப்பி வைப்பது வரை உதவலாம்.

5. சாப்பாடு: வீட்டில் எல்லோருக்கும் ஒன்றே

தனிச் சமையல் எடுபடாது. சமைப்பவருக்கு இரட்டை வேலை, சாப்பிடுபவருக்குத் தண்டனை. அவருக்கு நல்ல சாப்பாடு மற்றவர்களுக்கும் நல்லதுதான். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ டைப் 2 இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்பதையும் மனதில் வையுங்கள்.

பானங்களில் ஆரம்பியுங்கள். சர்க்கரை போட்ட பானமும் பழச்சாறும் சர்க்கரையை வேகமாக ஏற்றும், வயிறும் நிறையாது. இதை மாற்றுவது எளிது, பலனும் சீக்கிரம் தெரியும். பழத்தைப் பிழியாமல் முழுதாக, அளவாகச் சாப்பிடலாம்.

அது பழகிய பிறகு தட்டு. தட்டில் பாதி மாவுச்சத்து குறைந்த காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து. சாப்பாட்டை எடை போட வேண்டாம், கலோரி கணக்கு வேண்டாம். கண்ணளவே போதும் என்பதால்தான் இந்த முறை நிலைக்கிறது. பாத்திரங்களைச் சாப்பிடும் இடத்தில் வைக்காமல் சமையலறையிலேயே பரிமாறி எடுத்து வாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இரண்டாம் முறை போடுவது தன்னால் நடந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தை ஒன்றாகக் கொண்டுவந்தால், எது வேலை செய்தது, எதனால் லோ வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பிஸ்கட்டில் மாவும் கொழுப்பும் இருக்கின்றன. மாவும் உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறும். இன்சுலினோ லோ கொண்டுவரும் மாத்திரையோ எடுப்பவரைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். வெளியே விருந்து என்றால், எத்தனை மணிக்குப் பரிமாறுவார்கள் என்று முன்பே கேட்டுச் சொல்வது நல்ல உதவி.

6. பேச்சில் போலீஸ் வேலை வேண்டாம்

அவர் தட்டைப் பார்த்து நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவரை ஒளித்துச் சாப்பிடப் பழக்கும். ஒளித்துச் சாப்பிட்டால் நோட்டில் ஏறாது, நோட்டில் ஏறாவிட்டால் டாக்டர் தவறான மருந்தளவு எழுதுவார். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, நேரடியான மருத்துவச் சிக்கல் இது.

"இதைச் சாப்பிடலாமா நீங்க?" என்பதற்குப் பதில், முன்பே "இன்னைக்கு எவ்வளவு போடட்டும்?" என்று கேட்கலாம். "ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?" என்பதற்குப் பதில் "நேத்து தூக்கம் எப்படி இருந்தது?" கோபம், தூக்கமின்மை, காய்ச்சல், ஸ்டீராய்டு மருந்து எல்லாமே சர்க்கரையை ஏற்றும். சாப்பாடு ஒரு காரணம் மட்டுமே.

எடையைப் பற்றிய கிண்டலை வீட்டில் அடியோடு நிறுத்துங்கள், பாசத்தில் சொன்னாலும் சரி. எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது: "ஒரு நாள்தானே, சாப்பிடுங்க" என்று தட்டில் போடும் நண்பர்கள். நோய் உள்ளவர் தானே மறுத்து மறுத்துக் களைத்துப்போவார். பக்கத்தில் இருக்கும் நீங்கள் "போதும், நான் எடுத்துக்கறேன்" என்று தட்டை நகர்த்திக்கொண்டால் அவருக்கு ஒரு பெரிய பாரம் குறையும்.

7. நடைக்குத் துணை

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி கூடாது. தசை செய்யும் வேலையால் இன்சுலினுக்கு உடம்பு நன்றாக இணங்கும். அந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடுவதால்தான் இடைவெளிக்கு வரம்பு. மிதமான வேகம் என்றால் பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வதில் தொடங்கலாம்.

முதல் நாளே ஒரு மணி நேரம் நடக்கவைத்து, முழங்கால் வலியோடு திட்டத்தை முடித்துவிடுகிறார்கள் பலர். சாப்பிட்ட பின் 10 நிமிடம் போதும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அதுவே குறைக்கும். மூட்டு வலி அதிகம் என்றால் சைக்கிள், தண்ணீருக்குள் நடை, உட்கார்ந்தபடி பயிற்சி.

இன்சுலின் போடுகிறவர் புறப்படும் முன் சர்க்கரை பார்க்கட்டும். 90க்குக் கீழே என்றால் கொஞ்சம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். குளுக்கோஸ் அவர் பையிலும் இருக்கட்டும், உங்கள் பையிலும் இருக்கட்டும்.

நண்பரின் பங்கு, நேரத்தைத் தவறவிடாமல் இருப்பதுதான். வேறு ஊரில் இருந்தால் இருவரும் போனில் பேசிக்கொண்டே அவரவர் இடத்தில் நடக்கலாம். பாதியில் விட்டுப்போகும் துணை என்றால் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

8. நோட்டும் எண்களும்

பலருக்குச் சொல்லப்படும் இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து 180க்குள், மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7 சதவீதத்துக்குள். வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ வருபவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார். அதனால் வேறொருவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். பழம் தொட்ட கையோடு பார்த்து 250 வந்து, வீடே கலங்கிப்போவது சாதாரணம். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டார், தூங்கினாரா என்று ஒரு வரி எழுதினால் டாக்டருக்கு உதவும்.

எடை வாரம் ஒரு முறை, அதே கருவியில், அதே நேரத்தில். ஒரு கிலோ ஏற்ற இறக்கம் தண்ணீராலும் வரும்.

9. அவரால் பார்க்க முடியாததை நீங்கள் பாருங்கள்

உள்ளங்கால். எடை அதிகம் உள்ளவருக்குக் குனிந்து பார்ப்பது கடினம், நரம்பு பாதித்தவருக்குக் காயம் பட்டாலும் வலிக்காது. தினமும் ஒருவர் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். கொப்புளம், நிற மாற்றம், ஆறாத சிறு புண் எதுவானாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம்.

குறட்டை. சத்தமான குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறி மறுபடி வருவது அருகில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதிக எடை உள்ளவர்களிடம் இது நிறைய. தூக்கம் கெடுவதால் சர்க்கரையும் கெடும். டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மனநிலை. எதிலும் ஆர்வம் இல்லாமல், மாத்திரையைத் தொடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். சர்க்கரை நோயோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது அதிகம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கண், சிறுநீரில் புரதம், கால் நரம்பு மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிக்கும் தேதியை ஃபைல் பார்ப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

10. காய்ச்சல், வாந்தி நாட்களுக்கு முன்கூட்டியே திட்டம்

"சாப்பிடவே இல்லை, இன்சுலின் எதற்கு?" என்று நிறுத்திவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. நோய்த்தொற்றில் உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை ஏற்றும். சில மருந்துகளைத் தொடர வேண்டும், சிலவற்றை நிறுத்திவைக்க வேண்டும். எது எது என்பதை நல்ல நாளிலேயே டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள். அடிக்கடி சர்க்கரை பாருங்கள், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு.

11. திட்டம் நின்றுபோனால்

நிற்கும். எடை சில மாதம் இறங்கிவிட்டு அசையாமல் நிற்பதும் உண்டு. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, பசி கூடுகிறது. அந்த நேரத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டாமல், டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ போய் மறுகணக்குப் போடுங்கள்.

விட்ட இடத்தில் ஆரம்பிக்க, மிக எளிதான ஒன்றைப் பிடியுங்கள்: சாப்பாட்டுக்குப் பின் அந்த 10 நிமிடம். யாரால் நின்றது என்ற ஆராய்ச்சி தேவையில்லை.

உதவுபவருக்கும் களைப்பு வரும், குறிப்பாகச் சமைப்பவருக்கு. ஹெச்பிஏ1சி எடுக்கும் ஒவ்வொரு முறையும், அநேகமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நான்காவது படியில் பிரித்த வேலைகளை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். அன்றே முதல் படியின் மூன்று கேள்விகளையும் மறுபடி கேளுங்கள், பதில்கள் மாறியிருக்கும். அடுத்த தேதியை நோட்டில் எழுதிவிட்டு, ஸ்ட்ரிப் எத்தனை மிச்சம் என்றும் பார்த்துவிடுங்கள்.